தேசிய ரொட்டி தரையில் விழுந்த வெள்ளிக்கிழமை

மஹ்தியா என்ற எங்கள் ஊரின் துறைமுகத் தெருவில் ரொட்டி சுடும் லஸ்ஹர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான்: "இது ரொட்டி இல்ல, செங்கல்."

கோதுமை இறக்குமதியைக் குறைக்க ஜனாதிபதி மாளிகை போட்ட உத்தரவு அப்படி. நாடு முழுக்க ஒரே ரொட்டி. ஒரு பங்கு மாவு, ஒரு பங்கு தவிடு. மூன்றாவது பங்கு என்னவென்று மாளிகை சொல்லவில்லை. ஜனங்கள் முணுமுணுத்ததும், "மக்களின் பற்கள் சோம்பேறியாகிவிட்டன" என்று அறிக்கை வந்தது. கடற்பறவை ஒன்று அந்த ரொட்டியில் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு பறக்க முடியாமல் துறைமுகம் வரை நடந்தே போனது. நம்பாதவர்கள் மீன்காரர்களைக் கேட்கலாம், வழிவிட்டவர்கள் அவர்கள்தான்.

லஸ்ஹரின் வாக்கியம் எப்படியோ தலைநகருக்குப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை தகவல் வந்தது: வெள்ளிக்கிழமை ஜனாதிபதியின் ஆலோசகர் நேரில் வருவார். தொலைக்காட்சி நேரலையில் லஸ்ஹர் தன் பேச்சு தவறென்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அடுப்புக்குச் சீல். முப்பது வருஷமாக அணையாத அடுப்பு.

ஆலோசகர் வந்தார். கடைக்குள் பாதி ஊர் நின்றது. வரிசையில் முதல் ஆளாக ஓய்வுபெற்ற தலைமையாசிரியை லல்லா ஹலூமா. மரியாதைக்கு ஆணை 'சி' என்றும் பெண்ணை 'லல்லா' என்றும் அழைப்பது எங்கள் வழக்கம்.

"சி லஸ்ஹர், முகத்த ஏன் இப்படி வச்சிருக்க? உன்னையா அடுப்புல வைக்கப்போறாங்க?"

"அடுப்பே போகப்போகுது லல்லா. நீ வேற."

கேமரா ஓடியது. ஆலோசகர் ஒரு ரொட்டியை எடுத்தார். "பாருங்க, பஞ்சு மாதிரி!" என்று ஒரே கையால் தலைக்கு மேலே தூக்கினார். மணிக்கட்டு சம்மதிக்கவில்லை. ரொட்டி நழுவித் தரையில் விழுந்தது. தரைக்கல் மூன்றாகப் பிளந்தது. ரொட்டியில் ஒரு கீறல் இல்லை.

ஒருவரும் கல்லைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஆலோசகரையே பார்த்தார்கள். எங்கள் ஊரில் ரொட்டி கீழே விழுந்தால், தவறவிட்டவன் எடுத்து, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஜனாதிபதிக்கும் அதில் விலக்கு இல்லை.

"என்ன ஐயா யோசிக்கிறீங்க?" என்றாள் ஹலூமா. "உங்கம்மா சொல்லித் தரலையா? நாடே பாத்துக்கிட்டிருக்கு."

அவர் குனிந்தார். இரண்டு கைகளாலும் எடுத்தார். முத்தமிட்டபோது வாய்க்குள் ஏதோ 'டக்' என்றது; விழுங்கிக்கொண்டார். பிறகு பக்தியோடு நெற்றியில் ஒற்றினார், கொஞ்சம் வேகமாக. கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெற்றியில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு புடைப்பு எழுந்து நின்றது. அவர் ஒரு கணம் தள்ளாடினார்.

பதறிப்போன அறிவிப்பாளன் ஒலிவாங்கியை லஸ்ஹரின் பக்கம் திருப்பினான். "நீங்க… நீங்க சொன்னது தப்புதானே?"

லஸ்ஹர் உடைந்த தரைக்கல்லைப் பார்த்தார். முழுசாக இருந்த ரொட்டியைப் பார்த்தார். மூன்று நாளாக வராத மூச்சு அவருக்கு இப்போது வந்தது.

"தப்புதாங்க, ஒத்துக்கறேன். செங்கல்னு சொல்லியிருக்கவே கூடாது. செங்கல்னா விழுந்ததும் உடைஞ்சிருக்கும்."

கடை அதிர்ந்தது. பெண்கள் கல்யாண வீட்டில் போலக் குலவையிட்டார்கள். துறைமுகத்தில் படகுகள் எல்லாம் ஊதின. அந்தப் பறவைகூடப் பறந்தது என்கிறார்கள். நான் பார்க்கவில்லை, அதனால் சொல்லமாட்டேன்.

அடுப்புக்குச் சீல் வைக்கவும் முடியவில்லை. அவர்கள் கேட்ட ஒப்புதலை லஸ்ஹர் நேரலையிலேயே கொடுத்துவிட்டாரே!

ஆலோசகரின் புடைப்பு வடிய ஒன்பது நாள் ஆயிற்று. மாளிகையின் உத்தரவு நாலே நாளில் வடிந்துவிட்டது.