தையல் மெஷின் தீர்மானம்

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தே முப்பத்து நாலு வருஷம் தேய்ந்தவரைக் குடும்பத்தில் எல்லோரும் ‘மீட்டர்’ என்றே கூப்பிட்டார்கள். அவர் ஓய்வு பெற்ற மறு வாரமே, குடும்ப வரலாற்றுப் புத்தகம் எழுதும் பொறுப்பை அவர் தலையில் கட்டினார்கள். “சும்மாத்தானே இருக்கே” என்பதுதான் அதற்கான தகுதி. வரும் தலைமுறைக்கு வேர் தெரியணும், விழுது தெரியணும் என்றெல்லாம் பெரியப்பா மகன் முழங்கியது மீட்டர் காதில் ஏறவே இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பா திருடர் இல்லை என்று அச்சில் ஒரு வரி வர வேண்டும்.

தாத்தா வீட்டிலிருந்த ஒரே தையல் மெஷின் காணாமல் போன அதே வாரத்தில்தான், அப்பா வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பினார். மெஷினும் போச்சு, ஆளும் போயாச்சு. இரண்டையும் முடிச்சுப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அப்பா அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே கண்ணை மூடினார். பதினொரு வயதுப் பிள்ளையோடு அம்மா இந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து, ஒரு பென்சில் காணோம் என்றாலும் எல்லார் கண்ணும் முதலில் போனது அந்தப் பிள்ளையின் டவுசர் பைக்குத்தான்.

மீட்டர் தொழிலில் படு சுத்தம். எத்தனை யூனிட் காட்டுகிறதோ அதைத்தான் எழுதுவார். வீடு பூட்டியிருந்தால் ‘கதவு பூட்டியிருந்தது’ என்று எழுதுவாரே தவிர, குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போட மாட்டார். அதே கறாரோடு, தேதியும் நேரமும் குறித்து, உறவுக்காரர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதினார். சொன்னார்களா, அளந்தார்களா! மூத்த அத்தை கணக்கில் காணாமல் போனது வெறும் தையல் மெஷின். இளைய அத்தை கணக்கில் ஒரு சைக்கிளும் கூடச் சேர்ந்தது. மாமா சுவர்க் கடிகாரத்தைச் சேர்த்தார். பெரியம்மா ஒரே போடாக இரட்டைக் கட்டிலைப் போட்டார்.

“ரெட்டைக் கட்டிலை ஒத்தை ஆளா எப்படி பெரியம்மா தூக்கிட்டுப் போவாரு?”

“உங்கப்பனுக்கு அதெல்லாம் ஒரு விஷயமாடா? பலே கெட்டிக்காரனாச்சே!”

இதில் பெருமை வேறு. மீட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் எந்த மீட்டரும் பின்னால் ஓடியதில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கட்டிலையும் எழுதிக்கொண்டார்.

கடைசியாகப் போனது அப்பாவின் தம்பி வீட்டுக்கு. சித்தப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. மீட்டர் போனை மேஜைமேல் வைத்துப் பதிவை ஓடவிட்டார். சித்தப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

“நான்தான்டா அது,” என்றார் திடீரென்று. “கூட்டாளிங்ககிட்ட பந்தா காட்டலாம்னு, வீட்ல யாரும் இல்லாதப்போ மெஷினை சைக்கிள்ல கட்டி எடுத்துட்டுப் போனேன். இறக்கத்துல சறுக்கி விழுந்து, அக்கு வேறா ஆணி வேறா போச்சு. எங்கப்பா தோலை உரிச்சிடுவாருன்னு பயந்து பாழுங்கிணத்துல தள்ளிட்டேன். பதினஞ்சு வயசுடா எனக்கு.”

ஆக, சைக்கிள் மட்டும் உண்மை. வீடு திரும்பிய மீட்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. பாவம் வயசான மனுஷன், அவரை எதற்குச் சந்தி சிரிக்க வைப்பது என்று, சித்தப்பா பெயரை விட்டுவிட்டு எழுதினார்: ‘தையல் மெஷினை எடுத்தவர் என் அப்பா அல்லர்.’

தாத்தா ஆலைத் தொழிற்சங்கத்தில் செயலாளராக இருந்தவர். அதனால் அந்தக் குடும்பத்தில் திரைச்சீலையின் நிறத்திலிருந்து மாப்பிள்ளை வரைக்கும் எல்லாமே கை தூக்கித்தான் முடிவாகும். புத்தகத்துக்கு மட்டும் விதிவிலக்கா? பெரியப்பா மகன் வீட்டு மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் நடந்தது. மீட்டர் வாசித்தார். அந்த வரி வந்ததும் பெரியப்பா மகன் கை காட்டி நிறுத்தினார்.

“தம்பி, இது உன் சொந்தக் கருத்து. வரலாறுன்னா நாலு பேர் ஒத்துக்கணும். மெஷினை எடுத்தது இவங்க அப்பாதான்கிறவங்க கை தூக்குங்க.”

மளமளவென்று கைகள் எழுந்தன. முன் வரிசையில் சித்தப்பாவின் கையும் எழுந்தது. இனி என்ன தாட்சண்யம்? மீட்டர் போனை எடுத்துப் பதிவை உரக்கப் போட்டார். பாழுங்கிணறு வரைக்கும் எல்லோரும் மூச்சு விடாமல் கேட்டார்கள்.

பெரியப்பா மகன் தொண்டையைக் கனைத்தார். “பேட்டி பிரமாதமாத்தான் இருக்கு. ஆனா தீர்மானம் நிறைவேறிடுச்சேப்பா. முன்னாடியே போட்டிருக்க வேணாமா?”

“மறு ஓட்டுன்னா பதினஞ்சு நாள் நோட்டீஸ் வேணும்,” என்றார் மாமா.

“அப்போ கட்டில்?” என்றார் பெரியம்மா.

கட்டில் விஷயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. கீழே டீ தயார் என்று குரல் வந்ததும் மாடி காலியானது. சித்தப்பா மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“என்கிட்ட அப்படிச் சொல்லிட்டு, இங்க ஏன் சித்தப்பா கையைத் தூக்கினீங்க?”

“பழக்கம்டா. இந்தப் பேச்சு வந்தாலே கை தன்னால மேல போயிடுது.”

“அப்பா உயிரோட இருந்தப்பவாவது அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சொன்னேனே. பஸ் ஏத்திவிடப் போன அன்னைக்கே காலைப் பிடிச்சு அழுதேன்.”

மீட்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அவரு என்ன சொன்னாரு?”

“சிரிச்சாருடா. ‘அழாதே, நான்தான் ஊரை விட்டே போறேனே, என் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும். இங்க உட்கார்ந்து பேச்சு வாங்க நானா இருக்கப் போறேன்?’னாரு.”

கீழே யாரோ மீட்டரை டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். அவர் எழவில்லை.

“நான் வாங்கினேனே, சித்தப்பா.”