அம்சவல்லி வைத்த ஆவிக்கோழி

அம்சவல்லி முதலாளி இராஜமாணிக்கத்தின் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தாள் என்று கேட்டதும், விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பாதிப் பேருக்கு ஒரே நினைப்புதான் வந்தது. விஷம் வைக்கப் போகிறாள். முதலாளியின் மனைவி செல்வநாயகிக்கும் அதே பயம். முதல் வாரம் முழுக்க ஒவ்வொரு கிண்ணத்திலும் தான் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் புருஷனுக்கு வைத்தாள்.

அவர்கள் நினைத்ததில் தப்பில்லை, கண்ணுகளா. அம்சவல்லியின் வயிற்றெரிச்சல் அப்படி.

அவள் புருஷன் மாயவன் அதே முதலாளியின் கம்பெனியில் ஜாடி பார்த்து எடுக்கிறவர். சூளையிலிருந்து வரும் ஊறுகாய் ஜாடிகளில் தண்ணீர் ஊற்றி, கசிகிறதை ஒதுக்கி வைப்பார். எண்பத்தெட்டில் அப்படி அவர் ஒதுக்கிய ஜாடிகளையே முதலாளி லாரியில் ஏற்றிப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார். அத்தனையும் ஒழுகித் திரும்பி வந்தன. ஷிப்டு மாறும் நேரம், கம்பெனி கேட்டுக்கு முன்னால், நூற்றிருபது பேர் கேட்க முதலாளி மாயவனைப் பார்த்துக் கத்தினார்: "குடிச்சிட்டு வேல பாத்தா இப்படித்தான். நட வெளிய!"

மாயவன் சாராயக் கடை இருக்கும் தெருவில்கூட நடக்காத மனிதர். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு ஏற்றப் போனார். டிராக்டர் லோடு சரிந்து அடியில் மாட்டி இறந்தார். சாவுக்கு வந்தவர்களே, "போதையில ஏறியிருப்பான்" என்று பேசிக்கொண்டு போனார்கள். புருஷன் போனதைவிட அந்தப் பேச்சுதான் அம்சவல்லியை அரித்தது.

அவள் சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனாள். நாலு வருஷம் ஒரு வயதான சீனத்து அம்மாளுக்குச் சமைத்தாள். அந்த அம்மாளுக்கு எண்பத்திரண்டு வயது. மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறுவாள். காலையில் குழைய வெந்த அரிசிக் கஞ்சி. மதியம் இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு ஆவியில் வைத்த மீன். கீரையோ முள்ளங்கியோ, பெரிய தீயில் நாலு புரட்டு, அவ்வளவுதான். சாப்பாட்டோடு சூடான சூப்பு. வயிறு நிறைவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கிண்ணத்தைக் கவிழ்த்துவிடுவாள். அம்சவல்லி எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டாள். தொண்ணூற்றுநாலில் திரும்பும்போது அந்த அம்மாள் கொடுத்த மண்பானை ஒன்றைப் புடவைக்குள் சுற்றி எடுத்து வந்தாள்.

அந்தப் பானையின் நடுவில் கூம்பு மாதிரி ஒரு மூக்கு நிற்கும். அடியிலிருந்து நுனிவரை துளை. கொதிக்கும் தண்ணீர்ச் சட்டியின் மேல் பானையை வைத்தால், அந்தத் துளை வழியாக ஆவி ஏறி, மூடியில் முட்டி, சொட்டுச் சொட்டாகக் கோழிமேல் இறங்கும். சொட்டு எண்ணெய் கிடையாது, ஊற்றுகிற தண்ணீரும் கிடையாது. மூன்று மணி நேரத்தில் கறியும் சூப்பும் தானாகச் சேர்ந்திருக்கும்.

அந்தச் சமயம் முதலாளிக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மேல்மூச்சு. எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் திட்டி அனுப்பியிருந்தார். எண்ணெயில்லாத சமையல் தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான். செல்வநாயகி தயங்கித் தயங்கித்தான் ஆள் அனுப்பினாள். அம்சவல்லி உடனே சரி என்றாள்.

கம்பெனியில் ஜாடிக்கு அச்சு செய்கிற கொளஞ்சிநாதன், மாயவனோடு வேலை பார்த்தவன், வழியில் மறித்துக்கொண்டான்.

"யக்கா, அந்தாளு வூட்டுலயா? செத்துத் தொலையட்டும்னு வுடாம?"

"செத்துட்டா, எம் புருஷன் குடிக்கலன்னு யாருடா வந்து சொல்லுவா? பொய் சொன்ன வாய்தான் சொல்லணும். அதுவரைக்கும் அந்த வாய்க்கு உசுரு வேணும்."

எட்டு மாதத்தில் முதலாளியின் தொப்பை இறங்கியது. சர்க்கரை இறங்கியது. டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். கோயில் குளம் மூன்று சுற்று நடந்துவிட்டு வந்து, "என்னா அம்சா, இன்னிக்கு ஆவிக்கோழியா?" என்று குழந்தை மாதிரி கேட்பார். அவள் சிரித்துக்கொண்டே பரிமாறுவாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் செல்வநாயகி மட்டும் சூப்பை இன்னொரு வாய் குடித்துப் பார்ப்பாள்.

உடம்பு தேறியதும் முதலாளிக்குத் தொழில் புத்தி வந்தது. இந்தப் பானையை நாமே செய்து விற்றால் என்ன? ஒரு நாள் இரவல் வாங்கிக் கொளஞ்சிநாதனிடம் கொடுத்தார். அவன் அச்செடுத்து, மூக்கில் துளை வெட்டி, நாற்பது பானை சுட்டான்.

அங்கேதான் வந்தது வினை. ஜாடிகள் ஒழுகித் திரும்பிய பிறகு முதலாளி போட்ட சட்டம் ஒன்று உண்டு. சூளையிலிருந்து எது வந்தாலும் விளிம்புவரை தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒரு சொட்டு இறங்கினாலும் குப்பைமேட்டில் போட வேண்டும். பார்த்து எடுக்கிற பெண்கள் ஊற்றினார்கள். நாற்பது பானையிலும் தண்ணீர் மூக்கில் ஏறிக் கீழே கொட்டியது.

"எவன்டா இதுல ஓட்ட போட்டது?" என்று முதலாளி குதித்தார். எட்டு மாதம் சாப்பிட்டாரே தவிர, அடுப்பில் அது எப்படி உட்காருகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. மூக்கு அழகுக்கு என்று நினைத்திருந்தார்.

"அதுல அப்படித்தாங்க இருந்துச்சு. அம்சா அக்காவ ஒரு வார்த்த கேட்டுடலாங்களா?"

"சோறாக்குறவகிட்டப் போயி நான் களிமண்ணு பாடம் படிக்கணுமா? அடைடா அத!"

கொளஞ்சிநாதன் ஓடி வந்து சொன்னான். அம்சவல்லி இஞ்சி நறுக்குவதை நிறுத்தவில்லை.

"மொதலாளி சொன்னா அடைச்சிடு. நீ ஏன் மல்லுக்கட்டுற?"

துளையடைத்துச் சுட்ட புதுப் பானைகளைக் காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு வியாபாரிகளைச் சாப்பாட்டுக்கு அழைத்தார் முதலாளி. அதில் ஒருவர் பாண்டிச்சேரி கோவிந்தராசு. ஒழுகின ஜாடிகளைத் திருப்பி அனுப்பியவர் அவர்தான். பானைகளைப் புரிய வைக்கக் கொளஞ்சிநாதனையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

அம்சவல்லி புதுப் பானைகளில் கோழியை அடுக்கி, வழக்கம்போல் தண்ணீர் ஊற்றாமல் மூடி, கொதிக்கும் சட்டிகள்மேல் ஏற்றினாள். கூடத்தில் முதலாளியின் பேச்சு நடந்தது.

"நாமெல்லாம் எண்ணெயில பொரிச்சித் தின்னு சாவுறோம். சீனாக்காரன் ஆவியில வெச்சித் தின்னு நூறு வயசு இருக்கான். என்னையே பாருங்க!"

மூன்று மணி நேரம் கழித்துப் பானைகள் கூடத்துக்கு வந்தன. மூடியைத் திறந்தார்கள். கோழி அடியில் வெளுத்து, மேலே சிவந்து, எலும்போரம் ரத்தம் கசியக் கிடந்தது. சூப்பு ஒரு கரண்டிகூட இல்லை.

"இதத் தின்னா நூறு நாளுகூட இருக்கமாட்டோம் போலிருக்குதே" என்றார் கோவிந்தராசு. எல்லாரும் சிரித்தார்கள்.

முதலாளிக்கு முகம் கறுத்தது. "இவ புருஷன் குடிகாரன். அந்தப் புத்தி இவளுக்கும் வந்துட்டுது போல. என்னாத்த ஊத்திக்கிட்டு அடுப்புகிட்ட நின்னாளோ!"

எட்டு மாதமாக அம்சவல்லி காத்திருந்தது இந்தப் பேச்சுக்குத்தான். உள்ளே போய், தன் பழைய பானையில் வெந்திருந்த கோழியைக் கொண்டுவந்து நடுவில் வைத்துத் திறந்தாள். இஞ்சி மணம் கூடத்தை நிறைத்தது. மூக்கின் துளையில் விரலை வைத்துக் காட்டினாள்.

"ஆவி ஏறுற வழிங்க இது. உங்க பானையில அத அடைச்சது யாருங்க?"

கொளஞ்சிநாதன் முன்னால் வந்தான். "மொதலாளிதான் அடைக்கச் சொன்னாரு. அன்னிக்கும் மாயவன் அண்ணன் ஒதுக்கி வெச்ச ஜாடியத்தான் ஏத்தச் சொன்னாரு. நான்தான் லாரியில ஏத்தினேன். இத்தன வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன், யக்கா."

கோவிந்தராசு கை கழுவாமலே எழுந்துகொண்டார். "அப்ப ஒழுவுற ஜாடின்னு தெரிஞ்சேவா எனக்கு அனுப்புன? நெசத்தச் சொல்லு, இராஜமாணிக்கம். இல்லன்னா இப்பவே காரு எடுக்கறோம்."

முதலாளி மனைவியைப் பார்த்தார். செல்வநாயகி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"மாயவன் குடிக்கல" என்றார் முதலாளி, இலையைப் பார்த்தபடி. "ஏத்தச் சொன்னது நான்தான்."

"இங்க ஆறு பேருதாங்க கேட்டாங்க" என்றாள் அம்சவல்லி. "அன்னிக்குக் கேட்டது நூத்திருவது பேரு."

மறுநாள் காலை ஷிப்டு மாறும் நேரம், அங்கேயும் சொல்லாவிட்டால் வியாபாரிகள் கைவிட்டுப் போய்விடுவார்களே என்ற பயத்தில், முதலாளி கேட்டுக்கு முன்னால் நின்றார். தாழ்ந்த குரலில் அதையே சொன்னார். பின்னாலிருந்து யாரோ, "கேக்கலீங்க" என்றார்கள். மறுபடியும் சொன்னார். அம்சவல்லி கடைசி ஆள் உள்ளே போகும்வரை நின்று, ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள்.

ஆள் ஓய்ந்ததும் முதலாளி கேட்டார். "திருப்தியா? இனிமே சமையலுக்கு வரமாட்ட, இல்ல?"

"ஏங்க வராம? கண்டிப்பா வருவேன். நீங்க ரொம்ப வருஷம் இருக்கணுங்க. தெனம் இந்த கேட்டத் தாண்டித்தான உள்ள போவணும்? பொய் சொன்ன வாய் இதுதான்னு அத்தன பேரும் உங்கள நிமிர்ந்து பாக்கணுமில்ல."

சொல்லிவிட்டு, அவருக்குக் காலைக் கஞ்சி வைக்க நேராக அவர் வீட்டுக்கு நடந்தாள்.