எட்டு இடத்தில் உட்கார்ந்தவள்

பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில் எங்கள் லாட்ஜுக்குள் வந்து பார்க்க வேண்டும். முப்பத்திரண்டு அறையும் ஒரே நேரத்தில் காலியாகும். மலையைச் சுற்றிவிட்டு வந்த சனம் கால் கழுவவும் தெம்பில்லாமல் அப்படியே கட்டிலில் விழுந்திருக்கும். வெள்ளை விரிப்பில் தார் ரோட்டின் கறுப்பு பாதம் பாதமாகப் பதிந்திருக்கும். கதவைத் திறந்தால் திருநீறு, வியர்வை, வலித்தைலம், நசுங்கிய வாழைப்பழம் எல்லாம் கலந்த வாடை மூஞ்சியில் அடிக்கும்.

அந்தக் கறுப்பை மிஷின் எடுக்காது. ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்து, தொட்டிமேல் குனிந்து நின்று பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும். அப்புறம் பிழிந்து, மூட்டை கட்டி, மூன்று மாடி ஏறி மொட்டை மாடியில் காயப்போட வேண்டும். லிஃப்ட் இருக்கிறது. ‘பணியாளர்கள் பயன்படுத்தக் கூடாது’ என்ற அட்டையும் அதன் கதவில் இருக்கிறது. துணி வேலை முடிந்தால் அறையைக் கூட்டித் துடைத்து, கக்கூஸ் கழுவி, புது விரிப்பு போட வேண்டும். மதியம் பன்னிரண்டுக்கு அடுத்த கூட்டம் வந்து நிற்கும். நாங்கள் நான்கே பேர். ஆளுக்கு எட்டு அறை.

நான் தமிழ்செல்வி. பிளஸ் டூ படித்தவள், வாய் கொஞ்சம் நீளம். இந்தக் கதையில் வரும் கேடு அந்த வாயால் வந்ததுதான். மற்ற மூவர் ராஜம்மாள், அபிநயா, அருணாதேவி. அருணாதேவியை நாங்கள் அருணாக்கா என்போம்.

அன்றைக்கு அக்கா ஈர மூட்டையோடு படியில் ஏறும்போது நான் பின்னால் ஏறிக்கொண்டிருந்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் நின்றாள். சுவரில் சாய்ந்தாள். “இன்னாக்கா?” என்றேன். மூட்டை முதலில் விழுந்தது. அவள் அதன்மேல் சரிந்து, நாலு படி வழுக்கி, என் காலடியில் வந்து கிடந்தாள். தூக்கிவிடலாம் என்று தோளைப் பிடித்தேன். அலறினாள். பதறிக் கையை எடுத்துக்கொண்டேன். அவளைத் தொட்டாலே வலிக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் மறந்துவிட்டேன்.

நாலு வருஷமாக அக்காவுக்கு உடம்பு முழுக்க வலி. இன்றைக்குத் தோள் என்பாள், நாளைக்குத் தொடை என்பாள், மறுநாள் உள்ளங்கை என்பாள். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. வீட்டிலே சோம்பேறி என்றார்கள். நாங்கள் அதற்கும் மேலே போய் ‘நடிகை’ என்று பட்டப்பெயர் வைத்தோம். வைத்தது நான்தான், மறைப்பானேன்.

போன வருஷம் துணைக்கு ஆளில்லை என்று என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா அவள் கழுத்து, தோள், முட்டி என்று ஒவ்வோர் இடமாக விரலால் அழுத்திப் பார்த்தார். ஒவ்வோர் இடத்துக்கும் அக்கா துள்ளினாள். ஃபைப்ரோமயால்ஜியா என்று சீட்டில் எழுதினார்.

“இது நடிப்பு இல்லம்மா. வலி நெசம். ரேடியோவுல சவுண்டு ஜாஸ்தி வெச்ச மாதிரி உங்க நரம்பு வலியைக் கூட்டிக் காட்டுது” என்றார். “மாத்திரை கொஞ்சம்தான் கேக்கும். மீதி உங்க கையில இருக்கு. முடியுதேன்னு நல்ல நாள்ல எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்காதீங்க. முடியலையேன்னு படுத்தே கெடக்கவும் கூடாது. கொஞ்சம் வேலை, கொஞ்சம் உட்காரணும். மறுபடி கொஞ்சம் வேலை.”

அக்கா நோயின் பெயரைக் கேட்டு அழவில்லை. நடிப்பு இல்லை என்ற சொல்லைக் கேட்டுத்தான் அழுதாள். அத்தனை வருஷத்தில் அதைச் சொன்ன முதல் ஆள் அந்த டாக்டரம்மா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒரு நாளை நடத்துகிற விதத்தைக் கவனித்தேன். கீழ்பென்னாத்தூர் வீட்டில் நாலு மணிக்கு எழுந்து வெந்நீரில் கையை ஊறவைப்பாள். அப்போதுதான் விரல் மடங்கும். கை தலைக்கு மேலே எழாததால் மகள் கவிநிலா தலைவாரிவிடுவாள். யூனிபார்ம் கோட்டில் பட்டனை எடுத்துவிட்டு ஒட்டுப்பட்டை தைத்துக்கொண்டாள். பக்கெட்டைப் பாதிக்கு மேல் நிரப்ப மாட்டாள். மாப்பை விரலால் பிழியாமல் முழங்கையால் அழுத்துவாள். ஓர் அறை முடிந்தால் துணி வைக்கும் அறையில் ஒரு ஸ்டூலில் ஐந்து நிமிஷம் உட்காருவாள். டாக்டர் சீட்டைப் பார்த்து மேனேஜர் பிரசாத்தே போட்ட ஸ்டூல் அது. இப்படி எட்டு அறையையும் முடித்துவிடுவாள். எங்களுக்குக் கொஞ்சம் பின்னால் முடிப்பாள், அவ்வளவுதான்.

போன மாதப் பௌர்ணமி அவளுக்கு வார விடுமுறையில் வந்தது. “இந்த ஊர்லயே வேலை செஞ்சுகிட்டு ஒரு தடவகூட முழுசா சுத்தல, தமிழு. மலையச் சுத்துற வழியில எட்டு லிங்கம் இருக்குல்ல? எட்டு எடத்துலயும் உட்காந்து உட்காந்து போனா முடியாதா?” என்றாள். நான் கூடப் போனேன். காலையில் இந்திர லிங்கத்தில் தொடங்கினோம். ஒவ்வொரு லிங்கத்திலும் ஓரமாக உட்கார்ந்தாள், கணுக்காலை நீவிக்கொண்டாள், எழுந்தாள். எங்களைத் தாண்டி ஆயிரம் பேர் போனார்கள். ஈசான்ய லிங்கத்துக்கு வந்து சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. மலையைப் பார்த்து அவள் கும்பிடக்கூட இல்லை. சும்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். நான்தான் சந்தோஷம் தாங்காமல் திருநீற்றை எடுத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனேன். முதலாளி கலையரசனும் பிரசாத்தும் இருந்தார்கள். “நம்ம அருணாக்கா கிரிவலம் சுத்திட்டாங்க சார்!” என்றேன். எங்கள் ஊர்ப் பெருமை ஒன்று இருக்கிறது. சுற்றி வந்தவர் எல்லாம் எங்கேயும் உட்காரவில்லை என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். உட்கார்ந்தேன் என்று சொன்னால் பாதி சுற்றின மாதிரி. அந்தப் பெருமையில் நானும் சேர்த்துச் சொல்லிவிட்டேன், “எங்கயும் உட்காராம சுத்திட்டாங்க” என்று.

முதலாளி திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொண்டார். மறுநாள் ஸ்டூல் இல்லை. பதினாலு கிலோமீட்டர் உட்காராமல் நடப்பவளுக்கு ஸ்டூல் எதற்கு என்றாராம். யார் போய்ச் சொன்னது என்று அக்கா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு மாதம் அவள் உட்காராமல் வேலை செய்தாள். முகம் நாளுக்கு நாள் வற்றிப்போனதைப் பார்த்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன்.

அன்றைக்குப் படியில் அக்கா அலறிய சத்தம் கேட்டு ராஜம்மாளும் அபிநயாவும் ஓடி வந்தார்கள். பிரசாத் வந்தான். பின்னாலேயே முதலாளி. வாசலில் மோர்ப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தவர், கையில் சணல் கயிற்றோடு வந்தார். கழுத்தில் ருத்ராட்சம். முதலில் படியில் இறைந்து கிடந்த விரிப்புகளைப் பார்த்தார். பிறகுதான் அக்காவைப் பார்த்தார்.

“இன்னாம்மா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?”

“கை விட்டுப்போச்சுங்க ஐயா. தெரிஞ்சு போடல” என்றாள் அக்கா.

“எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல, ரத்தத்துல ஒண்ணும் இல்ல. எனக்கும்தான் இடுப்பு வலிக்குது. நான் கல்லாவுல படுத்துக்கினா இருக்கேன்?”

“உக்காந்துகினு இருக்கீங்க” என்று முணுமுணுத்தாள் ராஜம்மாள்.

அவர் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தார். “சாமிக்கு நடக்கக் காலு வருது, சோறு போடற எடத்துல வேலை செய்யக் கை வரல. பிரசாத், இந்தம்மாவ நாளையில இருந்து வரவேணாம்னு சொல்லிடு. ஆளுக்கா பஞ்சம்?”

அக்கா கெஞ்சவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். எழுந்து, சிதறிய விரிப்பை எடுக்கக் குனிந்தாள். வேலை போய்விட்டது என்று சொன்ன பிறகும் அந்தக் கை விரிப்பைத் தேடிப் போனது. அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்தது.

“சார், நான் பொய் சொல்லிட்டேன்” என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“திருநீறு கொண்டாந்து குடுத்தது நான்தானே? உட்காராம சுத்தினாங்கன்னு சொன்னது பொய். எட்டு லிங்கத்துலயும் உட்காந்து உட்காந்துதான் வந்தாங்க. காலைல போய் சாயந்திரம் முடிச்சோம். அப்புறமும் மூணு நாள் படுக்கை. ஒரு பெருமைக்குச் சொன்னேன் சார். அந்தப் பெருமைய வெச்சுத்தான் நீங்க ஸ்டூலப் புடுங்கினீங்க.”

அக்கா என்னைப் பார்த்தாள். நீயா என்று கேட்கிற பார்வை. அதற்கு அவள் திட்டியிருக்கலாம், அறைந்திருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அதுக்கு இப்ப இன்னா பண்ணணுன்ற?” என்றார் முதலாளி.

“உட்காந்தா அவங்க மலையவே சுத்துறாங்க சார். எட்டு ரூம் சுத்த மாட்டாங்களா? உட்கார ஒரு எடம், தூக்க லிஃப்ட். அவ்ளோதான் கேக்கறோம்.”

“இன்னைக்கு இவளுக்கு. நாளைக்கு நாலு பேரும் கேப்பீங்க.”

“நாளைக்கு இன்னாத்துக்கு? இன்னைக்கே கேக்கறோம்” என்றாள் ராஜம்மாள். அவள் முட்டி தேய்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. வாய்விட்டுச் சொன்னால் தன்னையும் நடிகை என்பார்கள் என்று மறைத்து வைத்திருந்தாள். “என் நாத்தனார் பொண்ணு துணிக்கடையில நிக்கிறா. அவங்களுக்கே ஸ்டூல் போட்டிருக்காங்க. உட்கார எடம் குடுக்கணும்னு சட்டம் இருக்குதாம். வர்ற திங்கக்கெழமை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கத்தான் போறோம்.”

“மனு குடுப்பியா? நாலு பேரையும் வெளிய அனுப்பிடுவேன்.”

“அனுப்புங்க” என்றாள் அபிநயா. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண். “பன்னண்டு மணிக்குள்ள முப்பத்திரண்டு ரூமும் நீங்களே கழுவிக்கோங்க.”

கீழே வரவேற்பில் யாரோ மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். முதலாளி கயிற்றைக் கையில் சுற்றினார், பிரித்தார். “ரூம முடிங்க. அப்புறம் பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டு இறங்கினார். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்று சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

நான் வாசலுக்கு ஓடினேன். மோர்ப் பந்தலடியில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ‘கிரிவல பக்தர்கள் அமர்ந்து செல்லவும்’ என்று அட்டை கட்டியிருந்தது. ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு படியேறினேன். பிரசாத் பார்த்தான், தடுக்கவில்லை.

முதல் மாடி நடையில் அதைப் போட்டேன். சிதறிய விரிப்புகளை நாங்கள் மூவரும் பங்கிட்டுக்கொண்டோம். தொட்டி வேலை ராஜம்மாளுக்கு வேண்டாம், குனிந்தால் முட்டி விடாது. அதை நானும் அபிநயாவும் எடுத்துக்கொண்டோம். அறையைத் துடைப்பதும் விரிப்பு போடுவதும் அக்காவும் ராஜம்மாளும். ஆளுக்கு எட்டு என்று இல்லாமல் நாலு பேருக்கும் முப்பத்திரண்டு. நாலு அறை முடிந்ததும் எல்லோரும் வந்து ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

முதல் நாலு முடிந்தது. அக்கா நாற்காலியில், நாங்கள் தரையில்.

“இது இந்திர லிங்கம்” என்றாள் ராஜம்மாள்.

அபிநயா சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வலியாலா, வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. அவளாகவே பேசினாள்.

“இது சரியாவாது தமிழு. ஸ்டூல் குடுத்தாலும் சரியாவாது. காலம்பூரா இப்படித்தான்.”

“தெரியும்க்கா.”

“நீ சொல்லியிருக்கலாம்.”

“பயந்துட்டேன்க்கா.”

அவள் தலையாட்டினாள். மன்னித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. “வா, அக்னி லிங்கம் போவணும்” என்று எழுந்தாள்.

அடுத்த நாலும் முடிந்தன. அதற்கடுத்த நாலும் முடிந்து மறுபடி உட்கார்ந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளியின் செருப்பு, இழுத்து இழுத்து வைக்கும் சத்தம் எங்களுக்குத் தெரியும்.

“எம லிங்கத்துல உக்காந்திருக்கும்போதா வரணும்” என்றாள் ராஜம்மாள்.

அக்கா பழக்கத்தில் நாற்காலியின் கையை ஊன்றி எழப்போனாள். அவள் தோளில் கை வைத்து அமர்த்த வேண்டும் என்று எனக்குக் கை துடித்தது. தொட்டால் வலிக்கும். தொடாமல் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ராஜம்மாள் காலை நீட்டிக்கொண்டாள். அபிநயா சுவரில் சாய்ந்தாள். செருப்புச் சத்தம் கடைசிப் படிக்கு வந்தது.

அக்கா எங்கள் மூவரையும் பார்த்தாள். ஊன்றிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இன்னும் அஞ்சு லிங்கம் இருக்குது” என்றாள். யாரும் எழவில்லை.