பதிலுக்கு ஒரு பிள்ளை

எங்கள் வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிள்ளை வராமல் நின்றால் தாயைக் கூட்டிக்கொண்டு பிள்ளை இருக்கும் இடத்துக்கே போய் அழைத்து வருவோம். மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்து ஆட்களே தகரக் கொட்டகை போட்டு நடத்துகிற வகுப்பு அது. பாடசாலையை விட்டு நின்ற பிள்ளைகளுக்கு அங்கே எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். இதுவரை மாட்டுப்பட்டிக்கும் கொழுந்து பறிக்கிற மலைக்கும்தான் தேடிப் போயிருக்கிறோம். சிவானிக்காகக் கொழும்பு வெள்ளவத்தைக்கே வரவேண்டியதாகிவிட்டது.

யோகேஸ்வரி மேடம் வருஷாவருஷம் கொப்பி, பென்சிலோடு எங்கள் வகுப்புக்கு வருகிறவர். சிவானி வாசிப்பதைக் கேட்டுவிட்டு, கொழும்பில் நல்ல ஸ்கூலில் சேர்க்கிறேன் என்று தைப்பொங்கல் முடிந்த கையோடு கூட்டிப் போனார். தீபாவளிக்கும் பிள்ளை வீட்டுக்கு வரவில்லை. போன் எடுத்தால் "படிக்கிறா" என்ற ஒரே பதில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாய் ஆறாயியை இழுக்காத குறையாக பஸ் ஏற்றினேன்.

காலி வீதி என்கிற பெரிய தெருவுக்குப் பக்கத்துப் பிளாட். கதவைத் திறந்தவளே சிவானிதான். இடுப்பில் மேடத்தின் பேரன், கையில் அவனுடைய எழுத்துப் புத்தகம்.

"எந்த ஸ்கூலுக்குப் போற?" என்று கேட்டேன்.

"ஸ்கூல் இல்ல டீச்சர்" என்றாள், நிலத்தைப் பார்த்து.

மேடம் சிரித்துக்கொண்டே வந்தார். "ஸ்கூல் சரிவரேல்ல. அதுக்கென்ன, பேரனுக்கு இவதான் பாடம் சொல்லிக் குடுக்கிறா. டியூஷனே தேவையில்ல. நீங்கள் நல்லா வளர்த்திருக்கிறீங்கள்."

பாராட்டாம்! இதற்கா தொண்டை கிழியக் கத்திப் படிப்பித்தேன்?

"புள்ளயக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம் மேடம். இல்லாட்டி பொலிஸுக்குத்தான் போவேன்."

ஆறாயி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "கோவிச்சுக்காதீங்க மேடம். டீச்சர் படபடன்னுதான் பேசும்."

மேடம் கோபப்படவே இல்லை. "கூட்டிக்கொண்டு போங்கோ. ஆனா பதிலுக்கு ஒரு பிள்ளை வேணும். இவவின்ர தங்கச்சியும் நல்லா வாசிப்பாவாமே?"

"அனுஷியாவா? அவள..." என்று ஆறாயி தொடங்கினாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"அவளுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று சிவானி குறுக்கே விழுந்தாள். "ஆனா ஆவன்னா கூட வராது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அனுஷியாவுக்கு ஒன்பது வயது. என் வகுப்பில் பத்திரிகையைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

"உண்மையோ டீச்சர்?" என்றார் மேடம்.

"ஆமாங்க. மண்டையில ஒண்ணும் ஏறாது."

சொல்லும்போது நாக்கு கூசியது.

"அப்ப இவவே இருக்கட்டும்" என்றார் மேடம். ஆறாயி தலையாட்டினாள். பெற்றவளே தலையாட்டினால் நான் எந்தப் பொலிஸில் போய்க் கத்துவது?

"நான் இருக்கேன் டீச்சர், நீங்க போங்க" என்று சிவானி மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.

ஊர் பஸ் பிடிக்கக் கொழும்புக் கோட்டைக்குப் போகிற பஸ்ஸில், கொள்ளுப்பிட்டி தாண்டியதும் ஆறாயி என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்.

"சின்னவ மக்குன்னு இத்தன நாளா ஏன் டீச்சர் எங்கிட்ட சொல்லல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறாயிக்கு வாசிக்கத் தெரியாது. மகள் எப்படிப் படிக்கிறாள் என்பதற்கு என் வாய்ச் சொல்தான் அவளுக்கு எல்லாம்.

"படிப்பு ஏறாதவ வகுப்புக்கு வந்து என்ன செய்ய? நாளையிலேருந்து தம்பியப் பாத்துக்கிட்டு வீட்டோட இருக்கட்டும்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் சின்னவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மூத்தவளை மீட்டுப் போவாள். பாவி, அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது.

"ஏறும் ஆறாயி. மெதுவா ஏறும். அனுப்பி வை."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க டீச்சர்" என்றாள்.