பேமானி

அம்புரோஸும் தாவூதும் ஆறு வருஷமாகத் துறைமுகத்தில் ஜோடியாக மூட்டை தூக்குகிறவர்கள். 1948 சித்திரையில் ஒருநாள் அரிசி மூட்டை தாவூதின் பிடியிலிருந்து நழுவியது.

"பேமானி, ஒயுங்கா புடிடா!" என்றான் அம்புரோஸ். தினமும் சொல்வதுதான்.

தாவூது மூட்டைக் கொக்கியைக் கீழே வைத்தான். வெளியே நடந்தான். மூன்று நாள் வேலைக்கு வரவில்லை.

அம்புரோஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புது ஜோடியோடு கால் பின்னியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு தண்டையார்பேட்டைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான். தாவூதின் மனைவி அஜீசா கதவோரம் நின்றாள்.

"காசிமேட்டுல வலை இழுக்கப் போய்க்கிறாரு. இனிமே ஆர்பர் வேலை வேணாமாம்."

"நா இன்னா சொல்லிட்டேன் தங்கச்சி?"

"பேமானின்னா இன்னான்னு தெரியுமாண்ணே?"

"சும்மா திட்றதுதான். எங்க வூட்டு ஆட்டைக்கூட அப்டித்தான் திட்டுவேன்."

"ஈமான் இல்லாதவன்னு அர்த்தம். நீங்க கோயில்ல விசுவாசம்னு சொல்றீங்களே, அதான் ஈமான்." அவள் குரல் தணிந்தது. "இவரு தம்பி கராச்சிக்குப் போய்ட்டாரு இல்ல? அன்னிக்குக் காலைல டீக்கடைல ஒருத்தன், 'நீ எப்போ கெளம்புறே, உன்ன எப்டி நம்புறது?'ன்னு கேட்டுக்கிறான். அந்தச் சூட்டோட வந்தவரை நீங்களும் அதையே சொன்னீங்க."

அம்புரோஸ் வந்த வேகத்திலேயே திரும்பினான். காசிமேடு வரை எங்கும் நிற்கவில்லை. கரையில் ஈர வலையை உதறிக்கொண்டிருந்தான் தாவூது.

"அர்த்தம் தெரியாது தாவூது. சத்தியமா."

"இப்போ தெரிஞ்சிக்கினியா?"

"தெரிஞ்சிக்கினேன்."

"நா இந்த ஊரை வுட்டு ஓடுறவனா?"

"நீ ஓடுனா நா எவன்கூட மூட்டை தூக்குவேன்?"

தாவூது சிரிக்கவில்லை. வலையின் மறுமுனையை அம்புரோஸ் பிடித்தான். இருவரும் சேர்ந்து அதை மடித்தார்கள்.

மறுநாள் தாவூது வேலைக்கு வந்தான். ஆனால் அம்புரோஸின் காதுதான் கெட்டுப்போயிருந்தது. கிரேன்காரன், வண்டிக்காரன், தண்ணீர் விற்கிறவள், எல்லார் வாயிலும் அதே சொல். ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டுத் தாவூதின் முகத்தைப் பார்த்தான்.

மதியம் மேஸ்திரி கத்தினார்: "டேய் பேமானிங்களா, சீக்கிரம்!"

அம்புரோஸ் மூட்டையை இறக்கினான். "பேரைச் சொல்லிக் கூப்புடுங்க மேஸ்திரி."

"இன்னாடா, இன்னிக்கு மட்டும் புச்சா கேக்குறே?"

"ஆமா. எனக்கே புச்சுதான்."

மேஸ்திரி முறைத்தார். "வுட்றா, வா," என்று தாவூது அவன் தோளைத் தட்டினான்.