தெருவிளக்கு வெளிச்சத்தில்

ஏட்டையா சாட்சிக் கூண்டில் ஏறிப் பொய் சொன்னால், அவர் சம்பவ இடமென்று காட்டிய இடத்தில் மறுநாள் காலையில் ஒரு தெருவிளக்கு முளைத்திருக்கும். கம்பியும் கிடையாது, இணைப்பும் கிடையாது. கம்பம் மண்ணிலிருந்து நேராகக் கிளம்பி, உச்சியில் மஞ்சளாக எரியும், பகலிலும் அணையாது. காரணம் எளிது. போலீஸ் சாட்சியத்தில் காலங்காலமாகத் தேய்ந்த ஒரு வாக்கியம் உண்டு: "தெருவிளக்கு வெளிச்சத்தில் எதிரியை நன்றாக அடையாளம் கண்டேன்." எதிரி என்றால் பகையாளி அல்ல, குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கோர்ட்டு வைத்திருக்கும் பெயர். சம்பவ நேரத்தில் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாலும், சம்பவ இடம் கண்ணைக் கட்டிவிட்டது போன்ற இருட்டுச் சந்தாக இருந்தாலும், ஏட்டையா இந்த வாக்கியத்தைத் தொண்டை கமறாமல் சொல்வார்.

முதல் விளக்கு முளைத்தது மரக்கிடங்கின் பின்சந்தில். அங்கே விளக்கே இல்லை என்று நிரூபிக்க எதிரியின் வக்கீல் நீதிபதியைக் காரில் ஏற்றி அழைத்துப் போனார். விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. வக்கீல் திறந்த வாயை மூட மறந்தார். நீதிபதியோ தன் தும்மலைக்கூடத் தீர்ப்பு மாதிரி வாசிப்பவர். "கம்பம் பொய் சொல்லாது" என்று அருளினார். அன்றிலிருந்து அந்தக் கோர்ட்டில் அதுவே சட்டமாயிற்று: ஏட்டு சாட்சி சொல்வார், மறுநாள் சேவகர் போய்ப் பார்ப்பார், விளக்கு இருந்தால் எதிரி உள்ளே. நகராட்சித் தலைவர் மட்டும் சும்மா இருப்பாரா? ஒவ்வொரு விளக்கையும் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்து, கம்பத்தில் தன் பெயரைப் பதித்துக்கொண்டார். தெருக்காரர்களுக்கும் சந்தோஷம்தான். வரி கட்டியும் வராத வெளிச்சம் ஏட்டையா வாயால் வந்தது.

ஒரு சின்ன அசௌகரியம் இருந்தது. ஒவ்வொரு விளக்கின் கீழும் ஆளில்லாத நிழல் ஒன்று விழுந்து கிடந்தது. ஆள் சிறையில் இருந்தான். நிழலின் கையில், ஏட்டையா சொன்னபடியே, கத்தியோ கடப்பாரையோ இருந்தது. மற்றவர்கள் போனால் அது அசையாது. ஏட்டையா கடந்தால் மட்டும் கழுத்தைத் திருப்பும். அதனால் அவர் விளக்கில்லாத வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பத் தொடங்கினார். வருஷங்கள் ஏற ஏற விளக்குகள் பெருகின, சுற்றும் நீண்டது.

"பக்கத்துத் தெரு ஸ்டேஷன்லேர்ந்து வர்றதுக்கு ஊரையே வலம் வர்றீங்களே, ஏதாவது வேண்டுதலா?" என்றாள் மனைவி. ஏட்டையா செருப்பைக் கழற்றினார்.

அப்புறம் கொத்தனார் விவகாரம் வந்தது. ஏட்டையா வீட்டு அடுப்படிச் சுவரைப் பூசிக் கொடுத்தவர்; பூசும்போதெல்லாம் சீட்டியடிப்பார். கம்பி திருடியதாக யாரோ சொல்லி, ஸ்டேஷன் பின்னறைக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு வெளியே வரவில்லை. இன்ஸ்பெக்டர் மேசைக் கண்ணாடியில் மீசையைச் சரிசெய்தபடி ஏட்டையாவைக் கூப்பிட்டார்.

"பின்படிக்கட்டுல வழுக்கி விழுந்தான். தெருவிளக்கு வெளிச்சத்துல நீங்க பார்த்தீங்க. என்ன ஏட்டு, முழிக்கிறீங்க? புதுசா எதையும் கேட்டுடலையே?"

அதற்குள் கொத்தனாரின் மனைவி ஏட்டையா வீட்டுக்கு வந்து, அடுப்படிச் சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டுப் போயிருந்தாள். அன்று சோறு போட்ட ஏட்டையாவின் மனைவி கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"அங்கயும் விளக்கு முளைக்குமா?"

"சொன்னா முளைக்கும்."

"அப்போ அந்த மனுஷனோட நிழல் தினமும் படிக்கட்டுலேர்ந்து விழுந்துக்கிட்டே இருக்கும். அதானே?"

ஏட்டையா தட்டிலேயே கை கழுவினார்.

கோர்ட்டில் அரசு வக்கீல் வழக்கமான கேள்வியைக் கொட்டாவியோடு கேட்டார். "வெளிச்சம் எப்படி இருந்தது?"

"வெளிச்சம் இல்லீங்க. பின்னறையில கரண்ட் போயிருந்துச்சு. ஒரே இருட்டு. இன்ஸ்பெக்டர் உள்ள அடிச்சார். கொத்தனார் தண்ணி கேட்டார். நான் வெளிய நின்னு கதவை இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

"இருட்டில் எப்படிப் பார்த்தீர்?" என்றார் நீதிபதி.

"பார்க்கலீங்கய்யா. காதால கேட்டேன். பார்க்காததைப் பார்க்கலைன்னு இன்னிக்குத்தான் சொல்றேன்."

மறுநாள் சேவகர் போய்ப் பார்த்தார். பின்னறையில் விளக்கு எதுவும் முளைத்திருக்கவில்லை. விளக்கில்லாத சாட்சியத்தை நம்ப இடமில்லை என்று நீதிபதி தீர்ப்பளித்தார். அத்தனை வருஷம் நம்பகமான சாட்சியாக இருந்தவர், உண்மை சொன்னதும் பிறழ்சாட்சி ஆனார், வேலையும் போனது. கொத்தனார் வழுக்கி விழுந்தவர் ஆனார். இன்ஸ்பெக்டருக்குப் பதவி உயர்வு வந்தது. ஆனால் அந்த உத்தரவை அவர் தடவித் தடவித்தான் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியிருந்தது.

ஏனென்றால் ஏட்டையா சொன்ன இருட்டு பின்னறையில் அப்படியே தங்கிவிட்டது. பல்பு மாற்றினார்கள், ஜன்னலை இடித்துப் பெரிதாக்கினார்கள். வெயில் விளிம்புவரை வந்து நின்றுகொண்டது. சில மாதங்களில் இருட்டு கதவிடுக்கு வழியாக நடைக்கு வந்து, இன்ஸ்பெக்டர் மேசையில் ஏறி, வாசலைத் தாண்டியது. உள்ளேயிருந்து ஒரு குரல் அவ்வப்போது தண்ணீர் கேட்கும். குடத்தில் வைக்கிறார்கள், காலையில் காலியாக இருக்கிறது. இப்போதெல்லாம் புதிதாகச் சேரும் போலீஸ்காரருக்குச் சீருடையோடு ஒரு கைத்தடியும் தருகிறார்கள். தடியில்லாமல் அந்த இருட்டில் நடப்பவள் கொத்தனாரின் மனைவி மட்டும்தான்.

மரக்கிடங்குச் சந்து விளக்கை இருட்டு போன வாரம் விழுங்கிற்று. அதன் கீழே கிடந்த நிழல் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. கோர்ட்டுக்கு இன்னும் இரண்டு தெருதான். நீதிபதி நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருக்கிறார்.

ஏட்டையா வீடு அதற்கும் முன்னால் இருக்கிறது. நேற்று சாயங்காலம் இருட்டு எதிர்வீட்டுப் படியில் ஏறியதை மனைவி பார்த்தாள்.

"இங்கயும் வருமா?"

"வரும்."

"வரட்டும். இந்தத் தடவை கதவைப் பிடிக்காதீங்க."

ஏட்டையா எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கி, கதவை விரியத் திறந்துவைத்தார். மனைவி ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து வாசற்படியில் வைத்தாள்.