ஓடிக்கொண்டிருந்த வண்டி

"நான் என்ன நாலு மில்லி தடிமன் கண்ணாடியா? இப்படிப் பயந்து பயந்து புடிக்கறீங்க!" என்றார் அப்பா, ஒரு கால் தரையிலும் ஒரு கால் வண்டிப் படியிலுமாக.

"நாலு மில்லியா இருந்தா பரவாயில்லப்பா. அது திட்டாது," என்றாள் மகள். அவர் இடுப்பை அவள் பிடித்திருந்தாள், தோளை அவள் கணவன் பிடித்திருந்தான். இருவருமாக ஒரு மூச்சில் தூக்கி அவரை முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த உடனே அப்பா செய்த முதல் வேலை, எதிரே இருந்த பலகையை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தது. "எல்லாம் பிளாஸ்டிக்," என்று உதட்டைப் பிதுக்கினார்.

நாற்பதைத் தாண்டிய மகளை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். கடைத்தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. கண்ணாடிக் கடை பாப்பா என்றால்தான் யாருக்கும் தெரியும். அதுபோல அப்பாவுக்கும் ஒரு பெயர் உண்டு: டீசல். ஊரில் பாதிப் பேர் பெட்ரோல் வண்டிக்கு மாறிய பிறகும் அவர் தன் டீசல் பிக்கப்பைக் கட்டிக்கொண்டு அழுததால் வந்த பெயர். அவருக்கு அதில் பெருமைதான்.

அந்தப் பழைய பிக்கப் போன மாதம் பாலத்து ஏற்றத்தில் வெள்ளைப் புகையாகக் கக்கிவிட்டு நின்றுபோனது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மேல செலவு பண்றது வீண்" என்றார். அதே வாரத்தில் அப்பாவின் இதயத்தைப் பார்த்த டாக்டரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார், இன்னும் கொஞ்சம் மரியாதையாக. வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பிடித்ததைக் கொடுங்கள் என்றார். அப்பா படுக்கையில் கிடந்தபடி சிரித்தார். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்த மாதிரி இருக்கு," என்றார்.

புது வண்டி வாங்கியே ஆக வேண்டும். டீசலா, பெட்ரோலா என்பதுதான் கேள்வி. வண்டி விற்பவன் பழக்கமானவன். இரண்டிலும் ஒவ்வொன்றை வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டு, "ஒரு நாள் ஓட்டிப் பாருங்கக்கா. சாயங்காலம் எதுன்னு சொல்லுங்க, இன்னொண்ண எடுத்துட்டுப் போறேன்," என்று சொல்லியிருந்தான். வெள்ளை வண்டி டீசல், நீல வண்டி பெட்ரோல். நானும் வந்து பார்ப்பேன் என்று அப்பா காலையிலிருந்து ஒற்றைக்காலில் நின்றார். நிற்கத்தான் முடியவில்லை.

உண்மையில் பாப்பா எப்போதோ முடிவு செய்துவிட்டாள். அவளுக்குப் பெட்ரோல் வண்டிதான் வேண்டும். இப்போதெல்லாம் கடை ஓடுவது பெரிய கட்டடங்களால் அல்ல. குளியலறைக்கு ஒரு நிலைக்கண்ணாடி, சமையலறைக்கு ஒரு ஜன்னல், நாலு தெரு தள்ளி ஒரு மேஜைக்கு மேல்தகடு, இவ்வளவுதான். இந்தக் குட்டிக் குட்டி ஓட்டத்துக்குப் புது டீசல் வண்டி சரிவராது. சூடேறுவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும், புகைக்குழாயில் கரி அடைத்துக்கொள்ளும். இதையெல்லாம் கணவனிடம் சொன்னாள், விற்பவனிடம் சொன்னாள். அப்பாவிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. கடையை அவளிடம் கொடுத்த நாளிலிருந்து அவர் வழியை விட்டு அவள் ஒரு அடி விலகியதில்லை. போகிற காலத்தில் உன் வழி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

முதலில் டீசல். சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுக் கடகடவென்று பிடித்துக்கொண்டது. அப்பாவின் முகத்தில் ஒரு வாரமாகக் காணாத ரத்தம் ஏறியது. பின்னால் சாய்வான மரச்சட்டத்தில் ஒரு கண்ணாடியைக் கட்டியிருந்தார்கள். வண்டி நின்று இரையும்போதெல்லாம் அந்தக் கண்ணாடி சட்டத்தில் அதிர்ந்து ஒரு ரீங்காரம் எழுப்பியது.

"பாடுது! கேக்குதா?" என்று கத்தினார் அப்பா.

"என்னது?"

"பாடுதுன்னேன்!"

"ஆமா, ஆமா!" என்று அவளும் கத்தினாள். பழைய வண்டியிலும் அவர்கள் பேசிக்கொண்டது எப்போதும் இப்படித்தான். இடது, வலது, பாத்து, நிறுத்து. அதற்கு மேல் கத்திச் சொல்லும்படியாக என்ன இருக்கிறது?

தெருமுனையில் திரும்பும்போதே அம்மா கதவைத் திறந்துகொண்டு ஈரக்கையோடு வாசலில் நின்றிருந்தாள். அது அவளுடைய நாற்பது வருடப் பழக்கம். தெருமுனையில் டீசல் சத்தம் கேட்டால் அடுப்பில் பாத்திரம் ஏறும், கேட் திறக்கும். "தெருவே எழுந்து உக்காந்துடுச்சு. பழசுதான் ஒழிஞ்சுதேன்னு பாத்தா, இது அதுக்கு அண்ணனா இருக்கு," என்றாள்.

"இழுவைடி! உனக்கு என்ன தெரியும் இழுவைய பத்தி?"

"உங்கள இத்தனை வருஷம் இழுக்கறேனே, எனக்குத் தெரியாதா?"

அப்பா சந்தோஷமாக இருமினார். பிறகு இரண்டு கரண்டி சாதத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுத் தூங்கினார். எழுந்ததும், "நீலத்த எடு. அந்தக் கண்ணாடியையும் சட்டத்தோட அதுல மாத்திக் கட்டு," என்றார். மருமகன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கடையைத் திறக்கக் கிளம்பியவனை அப்பா விடவில்லை. "இருங்க சின்னக் கண்ணாடிக்காரரே, என்னை ஏத்திவிட்டுட்டுப் போங்க," என்றார். அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து தூக்கினான்.

வண்டிக்குள் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டியதும் அப்பா காத்திருந்தார். பாப்பா சாவியைத் திருப்பினாள். ஒன்றும் கேட்கவில்லை. சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் திருப்பினாள். க்ரீச்சென்று பல் கூசும்படி ஒரு சத்தம் எழுந்தது.

"ஏய்!" அப்பா சீட்டிலிருந்து துள்ளிவிட்டார். அவருக்கு இவ்வளவு குரல் மிச்சம் இருந்தது அவளுக்கே ஆச்சரியம். "ஓடற வண்டிய ஸ்டார்ட் பண்றியே! பல்லு போயிடும்டி, ஸ்டார்ட்டர் பல்லு! இதத்தான் நான் உனக்குச் சொல்லிக் குடுத்தேனா?"

"சத்தமே இல்லப்பா. நான் என்ன கண்டேன்?"

"சத்தம் இல்லேன்னா கைய வச்சுப் பாரு! டீசல் ஓட்டினவங்க அத்தனை பேரும் இந்தத் தப்பத்தான் பண்ணுவாங்க. இந்தச் சத்தம் தூக்கத்துல கேட்டாக்கூட எழுந்து வந்து அறைவேன்," என்றார். அப்புறம் அவரே சிரித்துவிட்டார்.

தெருவைத் தாண்டினார்கள். சிக்னலில் நின்றபோது அப்பா தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். சட்டத்தில் கண்ணாடி வாயை மூடிக்கொண்டு நின்றது. மறுபடி நேராகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை திட்டிவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது பாப்பாவுக்கு.

"பிரேக் நல்லா இருக்கு," என்றார் அப்பா கொஞ்சம் கழித்து. கத்தவில்லை. கத்த வேண்டியிருக்கவில்லை. தன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சாதாரணக் குரலில் பேசுவதை அவள் வண்டிக்குள் முதல்முறையாகக் கேட்டாள். வீட்டில் பேசுகிற குரல்கூட இல்லை இது. வீட்டில் அம்மா இருப்பாள், டிவி இருக்கும்.

சட்டென்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. "அப்பா, அன்னிக்கு அந்தத் துணிக்கடை ஷோகேஸ் கண்ணாடிய நான் உடைச்சேன் இல்ல? நான் வேலைக்கு வந்த புதுசுல."

"பெரிசு. பத்து மில்லி," என்றார் உடனே.

"நீங்க அங்க ஒண்ணும் சொல்லல. கூட்டி அள்ளிட்டு வண்டில ஏறினீங்க. வர வழியில என் பக்கம் திரும்பி என்னமோ சொன்னீங்க. எனக்குக் கேக்கல. சும்மா தலையாட்டிட்டேன்."

"சரி?"

"அப்புறம் வண்டிய ஓரமா நிறுத்தினீங்க. கொஞ்ச நேரம் சும்மா இருந்தீங்க. திரும்ப எடுத்துட்டீங்க. நீ இனிமே வேலைக்கு வராத, இங்கயே இறங்கிக்கோன்னுதான் சொன்னீங்கன்னு நினைச்சேன். மறுநாள் பயந்துகிட்டே வந்தேன். நீங்க எப்பவும் போல சாவியத் தூக்கிப் போட்டீங்க. நானும் கேக்கவே இல்ல." அவள் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "என்னப்பா சொன்னீங்க?"

அப்பா அவள் பக்கம் திரும்பினார். தோள்கள் குலுங்கின. முதலில் இருமல் என்று நினைத்தாள். சிரிப்பு.

"அடி அசடே. பசிக்குதா, பன் சாப்பிடலாமான்னு கேட்டேன். நீ தலையாட்டின. பேக்கரி வாசல்ல நிறுத்தினேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு இறங்கவே இல்ல. என்மேல கோவம் போலன்னு நினைச்சு எடுத்துட்டேன்."

"பன்னா?"

"அந்த நேரத்துக்கு அங்க சூடா போடுவாங்க."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இத்தனை வருடமாக மனதில் ஒரு மூலையில் தூக்கிச் சுமந்தது வெறும் பன். தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அதைவிடப் பெரிய நிம்மதியாகவும் இருந்தது.

"இப்பவும் ஒண்ணு சொல்லாம வச்சிருக்க நீ," என்றார் அப்பா. "சொல்லு. இதுல நல்லாத்தான் கேக்குது."

அவள் ஒரு தெரு தூரம் யோசித்தாள். "பெட்ரோலே வாங்கலாம்னு இருக்கேன்ப்பா."

"ம்."

"கோவமா?"

"கோவம்தான். இழுவை இல்ல. கண்ணாடி பாடல. உங்கம்மாவுக்கு நாம வர்றது தெரியாது."

"ஹார்ன் அடிச்சுக்கலாம்."

"ஹார்ன் அடிச்சா பக்கத்து வீட்டுக்காரியும்தான் எட்டிப் பார்ப்பா. டீசலுக்கு உங்கம்மா மட்டும்தான் வருவா." அவர் ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டார். "கோவத்த நாளைக்குப் பாத்துக்கலாம். இப்பப் பசிக்குது. அந்த பேக்கரிக்கு விடு."

பேக்கரி அதே இடத்தில்தான் இருந்தது, போர்டு மட்டும் புதிது. ஓரமாக மர நிழலில் நிறுத்தினாள். சாவியில் கை வைத்தவளை அப்பா தடுத்தார். "அணைக்காத. ஓடட்டும். ஏசி சுகமா இருக்கு."

"கிரீம் வச்சதா, வைக்காததா?"

"வச்சது. டாக்டர்தான் புடிச்சதக் குடுக்கச் சொல்லியிருக்காரே."

உள்ளே கூட்டம் அதிகமில்லை. அடுத்த தட்டு இப்போதுதான் வருகிறது, நில்லுங்கள் என்றார்கள். நின்றாள். ஒரு பெரிய வேலை முடிந்தது போல உடம்பு லேசாக இருந்தது. திட்டினாரா, சம்மதித்தாரா என்று சரியாகச் சொல்ல முடியாது, ஆனால் கோபத்தை நாளைக்குத் தள்ளி வைத்தவர் அவர் அல்லவா? அவரிடம் அதைவிடப் பெரிய சம்மதம் கிடையாது. சூடான பன்கள் இரண்டைக் காகிதப் பையில் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அப்பா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்ப மனமில்லாமல் பையை அவர் மடியில் மெதுவாக வைத்தாள். வீட்டுக்குப் போய் அம்மாவோடு சேர்ந்து சாப்பிடட்டும். கதவைச் சாத்தி, பெல்ட்டை மாட்டி, சாவியைத் திருப்பினாள்.

க்ரீச்.

"ஐயோ!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்தாள்.

திட்டு வரவில்லை.

கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். மூக்கருகே விரலை வைத்தாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்தாள். கை சூடாகத்தான் இருந்தது, பன்னும் அதே சூட்டில்தான் இருந்தது. "அப்பா," என்றாள். "அப்பா, ஓடற வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டேன்ப்பா." அந்தச் சின்னக் குரலே வண்டிக்குள் போதுமான அளவுக்குக் கேட்டது.

அழுதாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அழுது முடித்த பிறகும் அவர் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். துக்கம்தான், ஆனால் அதற்கு அடியில் குறை என்று ஒன்றைத் தேடினால் கிடைக்கவில்லை. அது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கணவனுக்கு போன் செய்து விஷயத்தைச் சொல்லி, டாக்டரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரச் சொன்னாள்.

"அத்தைகிட்ட நான் போன் பண்ணிச் சொல்லட்டுமா?" என்றான் அவன்.

"வேண்டாம். நான் போய்ச் சொல்லிக்கறேன்."

போனை வைப்பதற்குள் வண்டி விற்பவன் கூப்பிட்டான். "அக்கா, எது முடிவாச்சு?"

"நீலம்."

"அப்பாவுக்குப் புடிச்சுதா? டீசல்தான்னு அடம் புடிச்சிருப்பாரே!"

"நல்லாப் பேசிக்கிட்டே வந்தாரு," என்றாள் பாப்பா.

அப்பாவின் பெல்ட்டைச் சரிபார்த்து, தலையைச் சீட்டில் நேராகச் சாய்த்து வைத்தாள். பெரிய கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிற வேகத்தில் ஓட்டினாள், ஒவ்வொரு மேட்டிலும் மெதுவாக ஏறி இறங்கி. பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டு போனான். தெருமுனையில் திரும்பினாள். வாசலில் யாரும் இல்லை. கேட் மூடியிருந்தது.

கேட்டுக்கு வெளியே வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. அம்மா முற்றத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பாப்பாவின் கை ஹார்னுக்குப் போனது. அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டு, மடிக்குத் திரும்பியது. அம்மா வாளியிலிருந்து அப்பாவின் கட்டம் போட்ட சட்டையை எடுத்து, ஓங்கி ஒரு உதறு உதறி, கொடியில் போட்டாள். காலரை நீவிவிட்டாள். ஒரு தோளில் கிளிப்பை மாட்டிவிட்டு, இன்னொரு கிளிப்பை எங்கே வைத்தோம் என்று வாளிக்குள் தேடினாள்.